பேஸ்பால் பார்க்கப் போகும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

நிலை 5 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளை இந்தக் கோடையில் இரண்டு ஆட்டங்களுக்கு அழைத்துப் போகிறோம். முதலில் ஆர்லிங்டன் குளோப் லைஃப் ஃபீல்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆடும் பேஸ்பால். அடுத்து கிராண்ட் பிரெய்ரியில் டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் டி20. பெரும்பாலான வீடுகளில் நிலைமை ஒன்றுதான். பிள்ளைகளுக்கு பேஸ்பால் அத்துப்படி, கிரிக்கெட் புரிவதில்லை. பெரியவர்களுக்கு நேர்மாறு. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தமிழில் விளக்கிச் சொல்வதுதான் இந்த இரண்டு நாளின் பாடம். பிள்ளை சொல்வதைப் பிடித்துக்கொள்ளப் பெரியவர்கள் கொஞ்சம் தயாராக வரவேண்டும் என்பதால் இந்தக் கடிதம் நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு பேஸ்பாலில் முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். வருகிறார், வீசுகிறார்கள், அவுட், போகிறார். ஸ்கோர் பலகையில் பூஜ்யமாகவே நிற்கிறது. இதற்குக் காரணம் இரண்டு ஆட்டங்களிலும் ரன்னுக்கும் அவுட்டுக்கும் உள்ள விலை வேறு என்பதுதான். டி20-யில் ஓர் அணி 160 ரன் எடுத்தால், பத்து விக்கெட்டும் விழுந்தாலும் ஒரு விக்கெட்டுக்கு 16 ரன் வருகிறது. பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங், இன்னிங்குக்கு மூன்று அவுட், ஆக 27 அவுட். அடித்தவர் மூன்று பேஸையும் (தளத்தையும்) சுற்றி, தான் நின்ற ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். அப்படி எடுக்கும் ரன் சாதாரணமாக நாலோ ஐந்தோதான். ஏறக்குறைய ஆறு அவுட்டுக்கு ஒரு ரன். கிரிக்கெட்டில் நாம் விக்கெட்டுக்காகக் காத்திருக்கிறோம், பேஸ்பாலில் ரன்னுக்காகக் காத்திருக்க வேண்டும். இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

பேட்டிங் சராசரியிலும் இந்த விலை வித்தியாசம் தெரியும். பிராட்மனின் 99.94 நமக்கு மனப்பாடம். பேஸ்பாலில் 1941-இல் டெட் வில்லியம்ஸ் எடுத்த .406-ஐ அப்படிக் கொண்டாடுகிறார்கள். பத்து முயற்சியில் நாலு முறை அடித்துத் தளம் சேர்ந்தார் என்று பொருள். பத்தில் மூன்று என்றாலே நல்ல பேட்டர். அதனால் ஒருவர் அவுட்டாகிப் போகும்போது ‘ஐயோ’ என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆட்டத்தில் அவர் இன்னும் மூன்று முறை வருவார்.

பார்க்க வேண்டிய இடம் கவுன்ட். ஸ்கோர் பலகையில் 1-2, 3-1 என்று இரண்டு எண் ஓடிக்கொண்டிருக்கும். முதல் எண் பால், இரண்டாவது ஸ்ட்ரைக். இங்கே ‘பால்’ என்றால் பந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போய், பேட்டர் மட்டையை வீசாமல் விட்ட பந்துக்கு மட்டும் அந்தப் பெயர், நம் வைடுக்குக் கிட்டத்தட்ட சமம். எல்லையின் அகலம் 17 அங்குலம், தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் அகலம் அது. உயரம் முழங்காலுக்கு அடியிலிருந்து ஏறக்குறைய நெஞ்சு வரை. நம் ஸ்டம்புகள் கண்ணுக்குத் தெரியும், இந்த எல்லை அந்தரத்தில் இருக்கிறது. உள்ளே வந்த பந்தை விட்டாலும், எந்தப் பந்துக்கும் மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், நாலு பாலில் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஃபவுலாக (பக்கக் கோட்டுக்கு வெளியே) அடித்தால், ஸ்ட்ரைக் இரண்டு ஆகும் வரை அதுவும் ஸ்ட்ரைக்காக எண்ணப்படும், அதற்குப் பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் கணக்கு அப்படியே நிற்கும். பந்தைத் தட்டித் தட்டிவிட்டு பிட்சரை (பந்து வீசுபவரை) களைக்க வைக்கும் பேட்டர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

0-2 என்றால் பிட்சர் கை ஓங்கியிருக்கிறது. அப்போது அவர் எல்லைக்குள் வீச அவசரப்படமாட்டார். சற்று வெளியே, ஆசை காட்டும் பந்து வரும். புதிதாக வந்த பேட்ஸ்மேனுக்கு நாலாவது ஸ்டம்ப் லைனில் போட்டுக்கொண்டே இருப்பார்களே, அதே வலை. 3-1 என்றால் நேர்மாறு. இன்னொரு பால் போனால் இலவசமாக ஒருவர் தளம் சேர்ந்துவிடுவார் என்பதால் பிட்சர் எல்லைக்குள் வந்தே ஆகவேண்டும், பேட்டர் வேகப்பந்துக்குக் காத்து நிற்பார்.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். இரண்டு அவுட், முதல் பேஸில் ஒரு ரன்னர், கவுன்ட் 3-2. பிட்சர் கை அசைத்ததுமே அந்த ரன்னர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பேஸை நோக்கி ஓடுவார். இது துணிச்சல் மாதிரித் தெரியும், கணக்குப் போட்டால் அவருக்கு இழப்பே இல்லை. பந்து பாலாகப் போனால் பேட்டர் முதல் பேஸுக்கு வருகிறார், ரன்னர் எப்படியும் இரண்டாவதுக்குப் போகவேண்டியவர். ஸ்ட்ரைக் ஆனால் இன்னிங் முடிந்தது. ஃபவுல் தரையில் விழுந்தால் திரும்பி வந்து நிற்கலாம். பந்து மேலே போய்ப் பிடிபட்டாலும் மூன்றாவது அவுட்தான். இடைவெளியில் விழுந்தாலோ, பல அடி முன்னால் ஓடிவிட்டதால் முதல் பேஸிலிருந்தே ரன்னெடுக்க வாய்ப்பு. இதை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், தமிழில் சொல்லட்டும்.

ஓட்டத்தில் நமக்குக் குழப்பம் தருவது கட்டாய அவுட். கிரிக்கெட்டில் ரன் அவுட் என்றால் பெயில்ஸ் விழவேண்டும், அவ்வளவுதான். பேஸ்பாலில் இரண்டு வகை. பின்னால் ஒருவர் வருவதால் இடத்தைக் காலி செய்தே தீரவேண்டிய ரன்னரை, அவர் போகும் பேஸைப் பந்தோடு மிதித்தாலே அவுட் ஆக்கலாம். கட்டாயம் இல்லாத ரன்னரைப் பந்து வைத்த கையுறையால் உடம்பில் தொடவேண்டும். டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட், இதிலிருந்துதான் பிறக்கிறது. முதல் பேஸில் ஆள் இருக்க, தரையோடு உருண்ட பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கைக்கு வருகிறது. அவர் இரண்டாவது பேஸுக்கு வீச, அங்கிருப்பவர் பேஸை மிதித்துக்கொண்டே உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு வீசுகிறார். பேட்டருக்கு 90 அடி ஓட நாலு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும், அதற்குள் பந்து இரண்டு கை மாறவேண்டும். கெடுவது பெரும்பாலும் முதல் வீச்சில். பந்து பேஸின் தப்பான பக்கம் போனாலோ, நெஞ்சுக்கு மேலே வந்தாலோ, இரண்டாமவர் அரை அடி சமாளிப்பதற்குள் பேட்டர் தளம் சேர்ந்துவிடுவார்.

இன்ஃபீல்ட் ஃப்ளை விதியும் இங்கேதான் வருகிறது. முதல், இரண்டாம் பேஸில் ஆள் இருக்கிறார்கள், இரண்டு அவுட்டுக்குக் குறைவு, பந்து உள்வட்டத்தில் உயரே எழும்பி எளிதான கேட்சாக வருகிறது. பிடிப்பதற்குள் அம்பயர் கையைத் தூக்கி பேட்டர் அவுட் என்கிறார். ஏன் அவசரம்? பிடித்தால் ரன்னர்கள் பழைய பேஸைத் தொட்டாக வேண்டும் என்பதால் அவர்கள் நகராமல் நிற்பார்கள். ஃபீல்டர் வேண்டுமென்றே நழுவவிட்டால், நின்றவர்கள் இருவரும் திடீரென்று ஓடவேண்டிய கட்டாயம் வந்து, சுலபமாக இரண்டு அவுட் விழும். அந்த ஏமாற்றை அடைக்கத்தான் இந்த விதி. எட்டாம் நிலைப் பிள்ளைகள்கூட இதை வரைந்து காட்டித்தான் விளக்க வேண்டியிருக்கும், காகிதம் எடுத்து வாருங்கள்.

கேட்ச் பிடித்த பிறகும் ரன் வரும் என்பது நமக்குப் புதிது. மூன்றாவது பேஸில் நிற்பவர், ஆழத்தில் பந்து பிடிபடும் வரை காத்திருந்து, பிடித்த கணம் பேஸிலிருந்து கிளம்பி ஹோம் பிளேட் சேரலாம். பேட்டர் அவுட், ரன் செல்லும்.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பந்து தரையில் பட்டு எழும்போதுதான் பாதி வித்தை காட்டுகிறது. அதனால் ஆடுகளம், ஈரம், விரிசல், மூன்றாம் நாள் தூசி என்று பேசுகிறோம். பேஸ்பாலில் எல்லாமே ஃபுல் டாஸ், எல்லா வளைவும் காற்றிலேயே. பந்தின் 108 இரட்டைத் தையலை விரல் எங்கே பிடிக்கிறது என்பதுதான் வித்தை. பிட்சர் நிற்குமிடம் 60 அடி 6 அங்குலம் தள்ளி. முழங்கையை மடக்கி எறியலாம் என்பதால் ஓடிவராமலே 150 கி.மீ. வேகம் சாதாரணம். 2010-இல் அரோல்டிஸ் சாப்மன் வீசியது மணிக்கு 170 கி.மீ.-ஐத் தாண்டியது. வளைவைப் பார்க்க வேண்டுமானால் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் வேகம் மட்டும் தெரியும், பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது. நமக்கு வாங்கியிருக்கும் இடங்கள் முதல் பேஸ் பக்கம், ஓட்டமும் டபுள் பிளேயும் அங்கே நன்றாகத் தெரியும்.

இனி கிராண்ட் பிரெய்ரியில் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகள். முதல் கேள்வி நிச்சயம் இதுதான்: ‘அடிச்சுட்டு ஏன் ஓடாம நிக்கிறாங்க?’ கிரிக்கெட்டில் ஓடுவது பேட்ஸ்மேன் விருப்பம் என்று சொல்லிவிட்டு, விக்கெட்டின் விலையையும் சொல்லுங்கள். அடுத்தது, கீப்பருக்குப் பின்னால் போன பந்துக்கு எப்படி ரன் என்பது. இங்கே ஃபவுல் கிடையாது, மைதானம் முழு வட்டமும் ஆட்டத்துக்குள். கையுறை இல்லாமல் ஃபீல்டிங் செய்வது அவர்களை நிஜமாகவே மலைக்க வைக்கும். நம் பந்து 156 முதல் 163 கிராம், அவர்களுடையது 142 முதல் 149. அதிலும் கனமான பந்தை வெறுங்கையால் பிடிக்கிறோம். கையைப் பந்தோடு பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதைக் காட்டுங்கள்.

எல்பிடபிள்யூவை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், வரிசையாகக் கேள்வி கேட்டுப் போங்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? ஆமென்றால் அவுட் இல்லை. முதலில் மட்டையில் பட்டதா? அவுட் இல்லை. ஷாட் ஆட முயன்று, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டதா? அவுட் இல்லை. இவை எல்லாம் தாண்டி, பந்து ஸ்டம்பில் போய் இடித்திருக்குமா என்பது கடைசிக் கேள்வி. ஸ்ட்ரைக் எல்லையோடு ஒப்பிட்டுச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், இரண்டிலும் அம்பயர் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து தீர்ப்புச் சொல்கிறார். டிஆர்எஸ் போலவே பேஸ்பாலிலும் 2026 முதல் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். அணிக்கு இரண்டு முறை, சரியாக இருந்தால் கணக்கில் கழியாது.

நேரக் கட்டுப்பாடும் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. பேஸ்பாலில் 2023-இல் பிட்ச் கடிகாரம் வைத்தார்கள், இப்போது பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் வீசவேண்டும், ஆள் இருந்தால் 18. பிட்சர் தாமதித்தால் ஒரு பால், பேட்டர் தாமதித்தால் ஒரு ஸ்ட்ரைக். டி20-யில் இரண்டு ஓவருக்கு நடுவே 60 விநாடி. 2024 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக அமெரிக்க அணி மூன்று முறை மீறி, ஐந்து ரன்னை இழந்தது. பல வீடுகளில் அன்று விடிய விடிய பேச்சாக இருந்திருக்கும்.

கிராண்ட் பிரெய்ரி மைதானம் 2008-இல் பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்டு, பிறகு கிரிக்கெட்டுக்காக மாற்றப்பட்டது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரண்டு ஆட்டத்துக்கும் உறவு பழையது. அமெரிக்காவும் கனடாவும் 1844-இல் நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடியிருக்கின்றன. 1869-இல் சின்சினாட்டியில் முதல் முழுநேர பேஸ்பால் அணியை நடத்திய ஹாரி ரைட், ஷெஃபீல்டில் பிறந்த கிரிக்கெட்காரர். பேஸ்பால் ஸ்கோர் அட்டவணையை வடிவமைத்த ஹென்றி சாட்விக் முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டும் ஒரே நகரத்துப் போட்டிகளில் சேரப்போகின்றன.

ஸ்கோர் தாள் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. பேஸ்பாலில் ஃபீல்டர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. மேலே சொன்ன டபுள் பிளேயை 6-4-3 என்று எழுதவேண்டும். பலகையில் ரன், ஹிட் பக்கத்தில் ‘பிழை’ என்றும் ஒரு கட்டம் இருக்கும், கையில் வந்த பந்தை நழுவவிட்டவர் பெயரில் அது ஏறும். நம் ஸ்கோர் அட்டையில் விட்ட கேட்சுக்கு இடமே இல்லை, இதைப் பிள்ளைகளோடு பேசுங்கள்.

பேஸ்பால் மைதானத்தில் எல்லா இருக்கைகளுக்கு முன்னாலும் வலை இருக்காது. வலை இல்லாத பக்கம் நடக்கும்போது பந்து வீசப்படும் நேரம் கைப்பேசியைப் பார்க்காதீர்கள், சிறு பிள்ளைகளை உள்பக்கமாக அழைத்துப் போங்கள். நம் கையில் வந்து சேரும் ஃபவுல் பந்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கிராண்ட் பிரெய்ரியில் சிக்ஸர் வந்தால் திருப்பிப் போட்டுவிட வேண்டும், பிள்ளை ஏமாறாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள்.

குழந்தைக்கு ஒரு பென்சில், தொப்பி, தண்ணீர். பேஸ்பால் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும், டி20 அதைவிட அதிகம். எழுதிய தாளை, தாத்தா பாட்டி சொன்ன கிரிக்கெட் சொற்கள் ஐந்தோடு, அடுத்த ஞாயிறு வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்