அண்ணமார் கதையைப் படமாக்க முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்பட இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கொங்கு நாட்டு அண்ணமார் சாமி கதையை யாரேனும் படமாக்கப்போவதாகப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. கதையின் நாயகர்களான அண்ணன் தம்பி பொன்னர், சங்கர் என்றதும் குதிரையும் வாளும் போருமே உங்கள் நினைவுக்கு வருகின்றன. 2011இல் இக்கதை அரண்மனையும் படையுமாக ஒருமுறை திரைக்கு வந்துவிட்டது. இனி எடுப்பவர் அவர்களின் தங்கை தங்காளிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

18 இரவுகள் உடுக்கடிப் பாட்டாகப் பாடப்படும் இக்கதையில் கேட்பவரைக் கலங்கடிப்பவள் தங்கைதான். வரப்போகும் கேட்டைக் கனவிலேயே கண்டு சொல்பவளும், வீரமலையில் மாண்ட அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் அலைபவளும், அவர்களைச் சற்று நேரமேனும் உயிரோடு எழுப்பிப் பேசுபவளும் அவளே. அண்ணன்மார் மாண்டதை நிகழ்த்திக்காட்டும் படுகளச் சடங்கன்று வந்து பாருங்கள்: உடுக்கையொலி ஏற ஏற, விரதமிருந்த ஆண்கள் வேரறுந்த மரம்போல் சாய்கிறார்கள்; அவர்களைத் தரையில் கிடத்தியதும் தங்காளின் ஒப்பாரி எழுகிறது; பின்னர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்பும்வரை, கிடப்பவனைப் பெற்றவள் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். எந்தப் போர்க்காட்சியும் இதற்கு ஈடாகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன்மாரின் எதிரியான வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளியை வெறும் வில்லனாக்கிவிடாதீர்கள். காடு கழனியாக மாறிய காலத்தில் உழுதவருக்கும் வேட்டையாடியவருக்கும் மூண்ட பகையே இக்கதையின் அடிநாதம். கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வெள்ளாமையை அழிப்பதும் அந்தப் பகையின் ஒரு முகம்தான். வேட்டுவரும் வேளாளரும் இன்றும் இங்கே அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒரு வசனம் போதும், திருவிழாவில் கைகலப்பு மூள. அதேபோல், உயிரைக் கொடுத்து அண்ணன்மாருடன் நின்ற சாம்புவனைச் சிரிப்புக்கான துணைவனாகக் குறைப்பது பெரும் அநீதி.

1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்த பாடம் அச்சிலும் கிடைக்கிறது, அதைப் படியுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், இன்றும் பாடிவரும் பாட்டுக்காரர்களைத் திரைக்கதை எழுதும் கட்டத்திலேயே அழைத்துப் பேசி, உரிய ஊதியம் கொடுத்து, படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரத்து வாசகன்