ஆச்சி கேட்ட தூரம்

ஜெர்சி சிட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆச்சிக்கு,

பேரன் எழுதுகிறேன். தம்பி வாசித்துக் காட்டுவான். வேகமாக வாசித்தால் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், "அமெரிக்கா நம்ம ஊர விடத் தூரமாலே?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

தூரம்தான் ஆச்சி. மும்பையிலிருந்து, எனக்குப் பக்கத்தில் இருக்கிற நியூயார்க் ஏறக்குறைய 12,500 கிலோமீட்டர். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஆனால் வி.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சோலாப்பூர், குண்டக்கல், மதுரை என்று இரண்டு ராத்திரி கழித்துத்தானே நம்ம ஊர் வரும்? விமானம் என்னை 16 மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்துவிட்டது.

ஜனவரியில் நான் வந்தது ராத்திரி ஒன்றரை மணி விமானம். அது மேற்கே நேராகப் போகவில்லை. உருண்டையான பூமியில் வடக்கே ஏறிப் போவதுதான் குறுக்கு வழியாம். ரஷ்யாவைத் தாண்டி, பனி மூடிய வடதுருவக் கடல் பக்கமாக வந்தது. சூரியனும் எங்களோடு மேற்கே வருவதால் விடியவே இல்லை. 16 மணி நேரமும் ஒரே ராத்திரி. ஜன்னலில் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருந்தது. நீங்கள் வாழையிலையில் கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை அந்த இருட்டில்தான் பிரித்தேன். இலை வாசனை வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கை கொடுத்தேன். இறங்கும்போது இங்கே காலை ஏழு மணி. உங்களுக்கு அப்போது சாயங்காலம் ஐந்தரை.

வேலை பரவாயில்லை. இங்கே ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு தெரு முழுக்க நம்ம நாட்டுக் கடைகள்தான். கறிவேப்பிலை கூடக் கிடைக்கிறது, ஆனால் நம்ம தாராவி 90 அடி ரோட்டில் காய்கறிக்காரர் கொசுறாகப் போடுவதை இங்கே எண்ணிப் பாக்கெட்டில் விற்கிறார்கள்.

சரி, எழுத வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வழுக்கி விழுந்தது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "தூரத்துல கெடக்குற பிள்ள, பதறிப்போவான், சொல்லாதீங்க" என்று தடுத்தது நீங்கள்தானாம். ஆச்சி, அது எனக்கு ரொம்ப வலித்தது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

திரும்பி வரும்போது மேலே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால் ஒன்றரை மணி நேரம் போலக் குறையும். இங்கே வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு ஏறினால், வெள்ளிக்கிழமை உங்கள் கடிகாரத்தில் ராத்திரி எட்டரைக்கு சஹார் விமான நிலையத்தில் இறங்கிவிடுவேன். ஜனவரியில் பார்த்த கணக்கோடு ஒரு மணி நேரம் இடித்தால், இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால்தான். வழியில் ஏதாவது நாடு வான்வழியை மூடியிருந்தால் சுற்றி வரவேண்டும், கொஞ்சம் கூடும். பெட்டிக்குக் காத்திருந்து டாக்ஸி பிடித்தாலும் பதினோரு மணிக்குள் நம் வீட்டுப் படியேறிவிடலாம். லீவுக்கு மேலதிகாரியிடம் பேசி வைத்துவிட்டேன். டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதைத் தொடமாட்டேன்.

அதனால் இனி எதையும் மறைக்காதீர்கள். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் இங்கே பகல்தான்.

முட்டி வீக்கம் வற்றிவிட்டதா? கம்பு ஊன்றாமல் குழாயடி வரை நடக்க முடிகிறதா? டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேரன்