மலைக்கோட்டைகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் நம் செஞ்சியும் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் செஞ்சியைத் தாண்டி, சங்ககிரி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, நாமக்கல், திண்டுக்கல், திருமயம், தியாகதுருகம் என்று நீளும் மலைக்கோட்டைகளை எல்லாம் ஒரே இடத்தில் ஆதாரத்தோடு பார்க்க ஒரு மாணவர் விரும்பினால், அவருக்குக் காட்ட முழுமையான இணையப் பட்டியல் ஒன்று என் கண்ணில் இதுவரை படவில்லை.

பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ் விக்கிப்பீடியாவில் கோட்டைகளைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்துவதும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளைப் புரட்டி அவற்றுக்குச் சான்று தேடுவதும்தான் இப்போது என் வேலை.

பிரிட்டனும் அயர்லாந்தும் இதைச் செய்து காட்டிவிட்டன. ஆக்ஸ்போர்டு, எடின்பரோ, கார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தன்னார்வலர்களின் கள உதவியையும் பெற்று, 4,147 மலைக்கோட்டைகளை ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து 2017இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்குள்ளவை பெரும்பாலும் இரும்புக்காலத்து மண்மேடுகளும் அகழிகளும். நம்முடையவையோ பீரங்கிக் காலம் வரை ஆட்கள் இருந்து காத்த கல்மதில்கள். ஆகவே அவர்களுடைய படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு பழக்கத்தை அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் ‘உறுதியானது’, ‘உறுதியாகாதது’ என்று அவர்கள் தரம் பிரித்திருக்கிறார்கள். நமக்கு இது மிகவும் தேவை. கபிலர் பாடிய பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்டதைப் புறநானூற்றின் 109ஆம் பாட்டு சொல்கிறது. அந்தப் பறம்பு இன்றைய பிரான்மலைதான் என்பது நம்மிடையே வழங்கிவரும் கருத்து. பாட்டில் இருக்கும் சான்று வேறு, மண்ணில் கிடைக்கும் சான்று வேறு. இரண்டையும் தனித்தனியே பதிந்தால் பாரிக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

விக்கிப்பீடியாவில் பெரும் சண்டை, கோட்டைக் கட்டுரையின் தகவல் அட்டவணையில் ‘கட்டியவர்’ என்ற ஒரே கட்டத்தில்தான் நடக்கிறது. ஒருவர் நாயக்கர் என்று எழுதுவார். மறுநாள் இன்னொருவர் அதை அழித்துத் திப்பு என்று போடுவார். செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோனார்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டை, நாயக்கர்களின் தலைநகராக வளர்ந்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தானிடமும், 1677இல் சிவாஜியிடமும், 1698இல் முகலாயரிடமும் போனது. தேசிங்கு ராஜா மாண்டது 1714இல். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர் வென்றார்கள். இத்தனையும் ஒரு கட்டத்தில் அடங்குமா? திண்டுக்கல்லிலும் இதே கதைதான்: நாயக்கர் கட்டியது, 1755இல் ஹைதர் அலி பொறுப்பேற்றது. கட்டியவர், விரிவாக்கியவர், கைப்பற்றியவர் என்று ஆண்டோடு தனித்தனி வரிகளாக எழுதினால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமாக 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் இதற்கு வழி இருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் அங்கே சேர்ந்து இருக்கலாம், ஒவ்வொன்றும் தன் சான்றைத் தனியாகத் தாங்கி நிற்கும்.

ஒரே கோட்டை இருமுறை பதிவாவது இன்னொரு தொல்லை. ஆங்கிலேயர் எழுதிவைத்த சங்கரிதுர்க்கும் நம் சங்ககிரியும் ஒன்றுதான் என்று அறியாதவர் இரண்டு பக்கங்களைத் தொடங்கிவிடுகிறார். பழைய எழுத்துமுறைகளையும் ஒரே பதிவின் கீழ் கொடுத்துவிட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் நான் சக தொகுப்பாளர்கள் பலரோடு உடன்படுவதில்லை. தொல்லியல் துறையின் காவலில் உள்ள கோட்டைக்குத் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். காவலாளி இல்லாத, பெயரே வெளியில் தெரியாத சிறு மலைமதிலுக்கு ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புதையல் தேடித் தோண்டுகிறவர்களுக்கும் இணையம் திறந்தே இருக்கிறது.

மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகள் தங்களிடம் உள்ள கோட்டைகளின் தரைப்பட வரைவுகளையும் பழைய புகைப்படங்களையும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட வேண்டும். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களைத் திறந்து வைத்திருப்பதால் என்னைப் போன்றவர்கள் எவ்வளவு பயனடைகிறோம் என்பதை நேரில் உணர்ந்தே இதைக் கேட்கிறேன்.

விடுமுறைக்குச் சென்னையிலிருந்து செஞ்சிக்கோ கிருஷ்ணகிரிக்கோ கிளம்பும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். மலை உச்சியில் நின்று உங்களைப் படமெடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். சுனை, நெற்களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, கொத்தளம், வாயில், பாறையில் வெட்டிய படி, கல்வெட்டு ஆகியவற்றையும் எடுங்கள். கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாமல், காலை அல்லது மாலையின் சாய்வான வெயிலில் எடுங்கள். எடுத்த தேதியையும், அது கோட்டையின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி, யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். சங்ககிரியின் வாயில்களை வரிசைப்படி காட்டும் படத்தொகுப்புதான் இப்போது எனக்கு உடனே வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11