பரிசக்கொம்பு: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

உயிரியல் புத்தகத்தில் ‘பரிசக்கொம்பு’ என்று போட்டிருக்கிறார்களே, அது கலியாணத்துக்குப் போடுகிற பரிசமா என்று வொய்ஸில் கேட்டிருந்தாய். சிரிப்பு வந்தது. ஆனால் நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பரிசம் வேறு, புள்ள. இது ஸ்பரிசம். முன்னால் நின்ற ‘ஸ்’ தமிழில் உதிர்ந்துவிட்டது. தொட்டு அறிகிற கொம்பு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘டென்டக்கிள்’. அதன் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘டென்டாரே’ என்றால் தடவிப் பார்த்தல், சோதித்துப் பார்த்தல். அதோடு கருவியைக் குறிக்கிற விகுதியைச் சேர்த்து ‘டென்டாக்குலும்’ என்று ஆக்கியவர்கள் பழைய ரோமர் இல்லை, மிகப் பிந்தி வந்த இயற்கை ஆய்வாளர்கள். ஆங்கிலத்தில் 1762 அளவில்தான் தலைகாட்டுகிறது. உங்கள் ரியூட்டரியில் ‘டென்டேட்டிவ் டைம்டேபிள்’ என்று ஒட்டுவார்களே, அதுவும் இந்த வேர்தான்.

நத்தைக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்தது மாதிரி. மாரியில் வேலியோரம் ஊர்கிற நத்தையைக் குனிந்து பார். மேலே நீண்ட சோடியின் நுனியில் கண். கீழே உள்ள குட்டைச் சோடிதான் நிலத்தைத் தொட்டுத் தொட்டு மணமும் சுவையும் பார்த்துப் போகிறது.

கடலில் பிடிக்கிற கணவாயில்தான் (ஸ்குவிட்) சிக்கல். அடுத்த முறை அம்மா கணவாய் துப்பரவாக்கும்போது பக்கத்தில் குந்தியிரு. தலையைச் சுற்றி எட்டுக் கை, ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை உறிஞ்சிகள். நடுவே மெல்லிசாக, நீளமாக இன்னும் இரண்டு கிடக்கும். அவற்றில் உறிஞ்சிகள் அகன்ற நுனியில் மட்டும்தான். விரலால் வருடினால் சொரசொரக்கும், உறிஞ்சிக்குள்ளே பல்லுப்பல்லாக ஒரு வளையம் இருக்கிறது. இந்த இரண்டுக்கு மட்டும்தான் பரிசக்கொம்பு என்று பெயர். ஓட்டுக்கணவாய் (கட்டில்ஃபிஷ்) அவற்றைக் கண்ணுக்குக் கீழே உள்ள பைக்குள் சுருட்டி வைத்திருக்கும். இறாலைக் கண்டதும் இரண்டையும் ஒன்றாக எறியும். நாம் கண்ணைச் சிமிட்டி முடிக்க முன்னம் இரை பிடிபட்டுவிடும். இதில் தடவலும் இல்லை, சோதனையும் இல்லை. கண்ணால் குறிபார்த்து அடிக்கிற அடி!

எலும்பில்லாத தசை எப்படி இவ்வளவு நீள்கிறது என்றும் கேட்பாய். தசையின் கன அளவு மாறாது. குறுக்குத் தசைகள் இறுகித் தடிப்பைக் குறைத்தால் அது நீண்டுதான் ஆக வேண்டும். யானைத் தும்பிக்கையும் நம் நாக்கும் வேலை செய்வது இதே கணக்கில்தான்.

இனிப் பேய்க்கணவாய்க்கு, அதுதான் ஆக்டோபஸுக்கு, வா. அதன் உறிஞ்சிகள் தொட்டதைச் சுவைக்கவும் செய்யும். நரம்புக் கலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. கல்லிடுக்குக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பது நண்டா வெறுங்கல்லா என்று பாராமலே அறிந்துகொள்ளும். ‘தடவிச் சோதிக்கிற கருவி’ என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் விலங்கியல்காரர் கணக்கில் அதற்குப் பரிசக்கொம்பே கிடையாது, எட்டும் வெறும் கைகள்! பெயர் வைத்தவர்கள் உறிஞ்சி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள், அது என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

‘கொம்பு’ என்பதும் எனக்கு அரைமனம்தான். மாட்டுக் கொம்பு வளையுமா? ஆனாலும் அந்தச் சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழில் படிக்க முடியும் என்று அந்தத் தலைமுறை பட்ட பாட்டை நினைத்தால், பழகிப்போன சொல்லைச் சும்மா தூக்கி எறிய மனம் வராது.

பரீட்சையில் மட்டும் என் வழக்கை எடுத்து வாதாடாதே. கணவாய்க்கு எட்டுக் கை, இரண்டு பரிசக்கொம்பு. பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை. அப்படியே எழுது, புள்ளி போடுவார்கள்.

அன்புடன்,
மாமா
கல்லடி, மட்டக்களப்பு