கிரேன் தெரிந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிரேக்கத் தீவுகள் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சாந்தோரினிக்கு ஒரு பக்கம், மிக்கொனோஸுக்கு அரைப் பக்கம். சீரோஸ் தீவுக்கு ஒரே வரி: அதன் தலைநகர் எர்முபோலியில் இறங்கிக் கப்பல் மாறிக்கொள்ளலாம், மற்றபடி பார்க்க ஒன்றும் இல்லை, கப்பல் பட்டறையின் கிரேன்கள் வேறு கண்ணை உறுத்துகின்றன. அந்தக் கிரேன்களுக்கு அடியில் 19 நாள் வேலை பார்த்தவன் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. 28 வருடம் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டராக இருந்தேன். 2007-ல், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், எங்கள் கப்பலை அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிக்க எர்முபோலியின் நெயோரியோன் பட்டறையில் மிதக்கும் டாக்கில், அதாவது கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் மேடையில், ஏற்றினார்கள். டாக்கில் ஏறிய கப்பலில் இருப்பது எப்படி என்று கப்பல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வெளியே விடக்கூடாது என்பதால் கழிப்பறையைக்கூடப் பூட்டிவிடுவார்கள். நடுராத்திரி வந்தாலும் கேங்வே ஏணியில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டும். அப்படி நடந்த ஒரு ராத்திரியில்தான் அந்த ஊரை முதலில் சரியாகப் பார்த்தேன். எதிரே துறைமுகத்தைச் சுற்றி வளைந்து விளக்குகள். அதற்குப் பின்னால் இரண்டு குன்றுகள், இரண்டின் உச்சியிலும் ஆளுக்கொரு கோயில். ஒன்று கத்தோலிக்கருடையது, இன்னொன்று ஆர்த்தடாக்ஸ் சபையாருடையது. தேர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

பட்டறை ஆட்கள் என்னை ‘மாஸ்தோரா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைத்தொழில் தெரிந்தவனை அப்படி அழைப்பது அங்கே மரியாதை. நம்மூர் மேஸ்திரிதான் அது. போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த சொல்லும் கிரேக்கர்கள் வைத்திருக்கும் சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சாயங்காலம் வேலை விட்டதும் அவர்கள் அப்படியே கரையோர காபிக் கடைகளுக்கு வந்து உட்காருவார்கள். எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், அவர்கள் பகல் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்த கப்பல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள். யாருக்கும் கண் உறுத்தியதாகத் தெரியவில்லை.

கட்டுரையாளர் ஒன்றை யோசித்திருக்கலாம். அந்த ஊரில் மற்றதெல்லாம் எந்தக் காசில் கட்டியது? 1821-ல் துருக்கியருக்கு எதிராகக் கிரேக்கர்கள் கிளம்பியபோது கியோஸ், ப்சாரா தீவுகளிலிருந்தும் துருக்கிக் கரை நகரமான ஸ்மிர்னாவிலிருந்தும் உயிர் தப்பி ஓடிவந்த வியாபாரிகளும் மாலுமிகளும் இந்த வெறும் கரையில் இறங்கிக் கட்டிய ஊர் அது. மேலே குன்றில் இருந்த பழைய கத்தோலிக்கக் குடிகளுக்குப் பிரான்சின் பாதுகாப்பு இருந்ததால் தீவைத் துருக்கியர் தொடவில்லை. வந்தவர்கள் வியாபாரக் கடவுள் ஹெர்மெஸின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சில பத்தாண்டுகளிலேயே கிரேக்கத்தின் முதன்மையான வணிகத் துறைமுகம் இதுதான் என்றானது. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயுஸெல்லாம் அப்புறம்தான். பட்டறை 1861-ல் தொடங்கியது. கிரேக்கத்தின் ஆரம்பகால வேலைநிறுத்தங்களில் ஒன்றும் 1879-ல் இங்கேதான் நடந்தது. எர்ன்ஸ்ட் சில்லர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த நகராட்சி மண்டபம், அதன் எதிரே முழுக்கச் சலவைக்கல் பாவிய மியாவுலிஸ் சதுக்கம், 1864-ல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கு, எல்லாமே கப்பல் காசு. பிறகு வியாபாரம் பிரேயுஸுக்குப் போய்விட்டது, மண்டபங்கள் மிச்சம். கிரேனை எடுத்துவிட்டு மண்டபத்தை மட்டும் படம் பிடிக்க ஆசைப்பட்டால் எப்படி?

2023 செப்டம்பரில் என் மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். பிரேயுஸிலிருந்து பெரிய கப்பலில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். தங்குமிடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். அறையிலிருந்து கடல் தெரியும் என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர். குளியலறை ஜன்னல் வழியே எக்கிப் பார்த்தால் பட்டறைக் கிரேனின் நுனி மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. “இதைக் காட்டத்தான் இத்தனை லட்சம் செலவழிச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றாள்.

சமாதானப்படுத்த அந்த ஊர் மிட்டாயான லுக்குமி வாங்கிக் கொடுத்தேன். கியோஸிலிருந்து வந்த அகதிகள் கொண்டுவந்த தொழில் என்கிறார்கள். பன்னீர் வாசம், மேலே மாவு போலச் சர்க்கரைப் பொடி. ஒரு துண்டை வாயில் போட்டதும், “நம்ம முதலூர் மஸ்கோத் அல்வாவுக்குச் சித்தப்பா பிள்ளை” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும் அதே இழுவை. தேங்காய்ப்பால்தான் இல்லை.

மறுநாள் மேலே குன்றில் இருக்கும் பழைய கத்தோலிக்க ஊரான ஆனோ சீரோஸுக்கு ஏறினோம். பேருந்து இருக்கிறது. அது தெரியாமல் படியேறி என் முழங்கால் மூன்று நாள் பேசவில்லை. படியெல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, நல்ல செருப்பு வேண்டும். சுற்றுலா போகிறவர்களுக்கு உபயோகமான இந்தத் தகவலையாவது உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். வெனிஸ்காரர்கள் காலத்து ஊர் அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். புசூக்கி என்ற தந்தி வாத்தியம் வாசித்துப் புகழ்பெற்ற மார்க்கோஸ் வம்வகாரிஸ் 1905-ல் பிறந்தது இங்கேதான். பிரேயுஸ் துறைமுகத்தில் கரி சுமந்தவர். உச்சியில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் என் மனைவி மெழுகுவர்த்தி ஏற்றினாள். பனிமய மாதா கோயில் தெருவில் வளர்ந்தவளுக்கு அங்கே ஒன்றும் அந்நியமாக இல்லை. இரண்டு சபையாரும் ஈஸ்டரை ஒரே நாளில் கொண்டாடுவார்கள் என்று கேட்டபோதுதான் ஆச்சரியப்பட்டாள். அங்கே கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் தேதியையே வைத்துக்கொள்கிறார்கள். “கல்யாணம் பண்ணிக்கிட்டா வசதி” என்றாள்.

கீழே துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாதா கோயில் ஒன்றில் புகழ்பெற்ற ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த மாதா மரணப் படம் இருக்கிறது. பல காலம் யார் வரைந்தது என்றே தெரியாமல் தொங்கியது. 1983-ல்தான் அவர் கையெழுத்தைக் கண்டுபிடித்தார்கள். தொழில் அருங்காட்சியகத்தில் 1970-களில் இதே தீவில் செய்த குட்டி மின்சாரக் கார் ஒன்று நிற்கிறது. என்ஃபீல்டு என்று பெயர், ஆனால் நம் புல்லட் கம்பெனி அல்ல. அதை நான் முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் மனைவி வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

குறை இல்லாத ஊர் என்று சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கடை அடைத்தால் சாயங்காலம் வரை ஊரே தூங்குகிறது. காற்று பலமானால் கப்பல் விடமாட்டார்கள். எங்களுக்கும் ஒரு நாள் போனது. ஆனால் குளிர்காலத்திலும் கதவைத் திறந்து வைத்திருக்கும் தீவு ஊர் அது. நீதிமன்றம், அலுவலகம், பள்ளிக்கூடம், பட்டறை என்று ஆட்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களாகவே இருப்பதைப் பார்க்கிற சுகம் சும்மா கிடைக்காது.

கடைசியாக, கட்டுரையின் தலையில் அரைப் பக்கத்துக்குப் போட்ட வண்ணப் படம். ‘சாந்தோரினியின் நீலக் கூரை’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். சாந்தோரினியின் ஃபிரா ஊர் கடலிலிருந்து 200 மீட்டருக்கும் மேலே மலை விளிம்பில் நிற்கிறது. உங்கள் படத்திலோ அலை வீட்டுச் சுவரில் மோதுகிறது, வீடுகள் காவியும் இளஞ்சிவப்புமாக இருக்கின்றன. அது எர்முபோலியின் வபோரியா பகுதி. வபோரி என்றால் அவர்கள் பேச்சில் கப்பல், கப்பல் முதலாளிகள் வீடு கட்டிய கரை. நீலக் கூரையும் இரண்டு மணிக்கூண்டுகளும் புனித நிக்கொலாஸ் கோயிலுடையவை. அதற்குக் கீழே இருக்கும் சிமென்ட் மேடையிலிருந்து இறங்கித்தான் நான் 2007-ல் தினமும் குளித்தேன். பார்க்க ஒன்றும் இல்லாத ஊரின் படம்தான் உங்களுக்கு அட்டகாசமாகப் பட்டிருக்கிறது. வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஃபிட்டர்,
தூத்துக்குடி.