ஈரத்துணியும் செய்தித்தாளும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். 'நலம்' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. அதற்கு முந்தைய கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று அண்ணன் சொல்லித்தான் உறைத்தது. கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டித் தீர்த்துவிடு.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. விடிகாலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தோட்டத்தில் பூ வந்துவிட்டது. யாரோடும் பேசமாட்டார் என்று எழுதியிருந்தேனே, அவர்தான். போன மாதம் ஒருநாள் கதவைத் தட்டி, கையில் கத்தரியைக் கொடுத்து, "உன்னால் குனிய முடியுமா?" என்று கேட்டார். அவருக்கு முட்டி வலி. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள், வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வெட்டுகிறேன். பாதிப் பூ எனக்கு.

டாஃபோடில் என்று ஒரு மஞ்சள் பூ, நடுவில் குழல் மாதிரி நீண்டிருக்கும். முழுதும் விரிந்ததை வெட்டக் கூடாது. மொட்டு தலை கவிழ்ந்து நிறம் தெரியும்போதே வெட்டினால் வீட்டில் விரிந்து பல நாள் நிற்கிறது. இலையில் மட்டும் கை வைக்கவே விடமாட்டார். அது தானாக மஞ்சளாகிச் சாயும்வரை இருந்தால்தான் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த வருடப் பூவுக்குச் சத்து சேர்த்துக்கொள்ளும். வெட்டிய தண்டிலிருந்து வழவழவென்று ஒரு சாறு வடிகிறது, அது டியூலிப்புக்கு ஆகாது. தெரியாமல் இரண்டையும் ஒரே ஜாடியில் வைத்துவிட்டேன். டியூலிப் சீக்கிரமே துவண்டுவிட்டது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இப்போது டாஃபோடிலை ஓர் இரவு தனி வாளியில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்கிறேன். தண்டை மறுபடி நறுக்கக் கூடாது, நறுக்கினால் திரும்பவும் வடியும்.

டியூலிப் ஜாடிக்கு வந்த பிறகும் வளர்கிறது, அம்மா. காலையில் நேராக வைத்தால் மாலையில் ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் வெட்டியதும் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்தச் சொல்கிறார். தண்டு விறைத்து நிமிர்ந்துகொள்கிறது. முதல்முறை அப்படிச் சுற்றியபோது, பறித்த மல்லியை நீ ஈரத்துணியில் சுற்றிக் கூடத்து மூலையில் வைப்பது கண்ணில் வந்து நின்றது. "எங்கள் அம்மாவும்..." என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு பேச வரவில்லை. பாட்டி ஒன்றும் கேட்காமல் அடுத்த கட்டை நீட்டினார்.

வாயகன்ற ஜாடிக்குள் கம்பிவலையைச் சுருட்டிப் போட்டால் பூக்கள் ஒருபக்கமாகச் சரிவதில்லை. முதலில் ஃபோர்சித்தியா கிளை, அதுதான் உயரம். இலை வருமுன்பே கிளை முழுக்க மஞ்சளாகப் பூக்கும் செடி. அப்புறம் டியூலிப், முன்னால் டாஃபோடில். தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது, அழுகிவிடும். ஹெல்லபோர் என்ற பூ மட்டும் ஜாடியில் துவண்டுபோகிறது. அதைக் காம்பு கிள்ளித் தட்டுத் தண்ணீரில் மிதக்க விடுகிறேன். செடியில் தரையைப் பார்த்துத் தொங்கும் பூ, தட்டில்தான் அதன் முகத்தைப் பார்க்க முடிகிறது.

அறையில் ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன். குளிர்ச்சி இருந்தால் பூ அதிக நாள் நிற்கும். கம்பளி இரண்டு இருக்கிறது, கவலைப்படாதே. போன மாதம் பணம் தாமதமானதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. இந்த மாதம் நேரத்துக்கு வந்துவிடும். ஊருக்கு வருவதை அடுத்த வருடம் பார்க்கலாம், வேலை கொஞ்சம் அதிகம்.

சென்ற வாரம் பாட்டி ஹயசிந்த் என்ற பூவில் ஒரு தண்டு கொடுத்தார். அறை முழுக்க வாசனை. நடு இரவில் விழித்தவன் நம் வீட்டில் படுத்திருப்பதாகவே நினைத்துவிட்டேன். கிணற்றடிக் கதவுக்குத் தாழ் போட்டாயா என்று உன்னைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

சரி, அண்ணன் பின்பக்கம் அறை கட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். கட்டட்டும். அப்பாவால் இனி மாடி ஏற முடியாது. நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அனுப்பச் சொல். அத்தையிடம் நீயே முதலில் சொல்லிவிடு, வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் மனம் நோவார். ஆனால் மல்லிக் கொடியை வெட்டும் முன் இரண்டு பதியமாவது போட்டுவிடு. தாழ்ந்த கொடியாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் புதைத்துக் கல் வை. ஈரம் காயக் கூடாது. வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கொத்தனாரை மறுபக்கச் சுவரிலிருந்து தொடங்கச் சொல்ல முடியுமா என்று அண்ணனைக் கேள். அறை எத்தனை அடி, கொடி எந்த மூலையில் வருகிறது என்று படம் போட்டு எனக்கு எழுதட்டும். அப்பாவின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் சின்னவன்