34 சதவீதத்துக்குப் பின்னால்

ஐயா,

நுண்துகள்களின் இயல்பைக் கொண்டு கணக்கிடும் புதுவகைக் கணினியான குவாண்டம் கணினியின் துணையால் கடன் பத்திரச் சந்தைக் கணிப்பு 34 சதவீதம் வரை மேம்பட்டதாக எச்.எஸ்.பி.சி. வங்கியும் ஐ.பி.எம். நிறுவனமும் 2025 செப்டம்பரில் அறிவித்தன. சொன்ன விலைக்கு வர்த்தகம் படியுமா என்பதே அந்தக் கணிப்பு. ஆனால் அது நடப்புச் சந்தையில் நடந்ததல்ல. ஐரோப்பிய நிறுவனப் பத்திரங்களின் பழைய வர்த்தகத் தரவுகளை வைத்துச் செய்த சோதனை. இன்னொன்றும் உண்டு. பிழையே இல்லாத குவாண்டம் கணினியைச் சாதாரணக் கணினியில் போலச்செய்து பார்த்தபோது அந்த மேம்பாடு கிடைக்கவில்லை என்று ஆய்வறிக்கையே சொல்கிறது. அப்படியானால் பலன் எங்கிருந்து வந்தது, கருவியின் இரைச்சலிலிருந்தா, அதாவது அதில் நேரும் பிழைகளிலிருந்தா? கூட்டல் தவறினால் காரணம் தேடுவோம். கூடுதலாக வந்தாலும் தேட வேண்டாமா? சதவீதத்தைத் தலைப்பாக்கும்போது இந்தக் கேள்வியையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை